தினம் ஒரு பக்கம்

'அன்று மாலை வசந்தகுமாரி கண்ணீர் வடித்தாள்.'

கோவர்த்தனன் இந்த வரியை எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, அவள் எதற்காகக் கண்ணீர் வடித்தாள் என்று யோசிப்பதற்காகப் பேனாவைக் கன்னத்தில் ஊன்றினான். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே பக்கத்து வீட்டுப் பச்சையப்பனின் முகம் தெரிந்தது.

"இன்னா குமாஸ்தய்யா, விடிஞ்சதும் விடியாததுமா எழுதக் குந்திட்டீங்க?"

"சும்மாதான். ஒரு கதை."

"கதையா?" பச்சையப்பன் தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சரி சரி, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். எந்தப் பக்கம் எழுதறீங்க? மெட்ராஸா, ஆந்திராவா?"

அவனைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அந்த வருஷம் நகரியில் ஒருவன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. ஆந்திரா தனி ராஜ்யமாகப் போன பிறகு எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இழுபறி நடந்துகொண்டிருந்தது. புத்தூரில் எல்லை விசாரணைக்கென்று தற்காலிகமாக ஓர் ஆபீஸ் திறந்து, குறை உள்ளவர்கள் மனுக் கொடுக்கலாம் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். குறை உள்ளவர்கள் என்று சொன்னதுதான் தப்பு. நகரியில் குறை இல்லாதவன் எவன்?

போதாததற்கு, சர்வே ஆட்கள் வந்து நெசவாளர் தெருக் கோடியில் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அது எல்லைக்கல் என்று அவர்கள் சொல்லவில்லை. எல்லைக்கல் இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தெருவில் பாதிப் பேருக்குத் தூக்கம் போயிற்று.

கோவர்த்தனனின் கவலை வேறு. நெசவாளர் சங்கத்தில் அவன் குமாஸ்தா. கல்யாணமான புதிதில், தான் ஓர் எழுத்தாளன் என்று மனைவி தாட்சாயணியிடம் சொல்லிவைத்திருந்தான். எழுதினதைக் காட்டுங்கள் என்று கேட்காமல் அவளும் வருஷக்கணக்காகப் பெருந்தன்மையாக இருந்தாள். போன மாசம் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கைத் தையல் மிஷின் வந்து சேர்ந்தது. அதைத் தரையில் வைத்துத் தைத்துத் தைத்து அவளுக்கு இடுப்பு ஒடிந்தது. வீட்டில் இருந்ததோ ஒரே மேஜை.

"ஏங்க, இந்த மேஜை மேல நீங்க எழுதி நான் பாத்ததில்ல. தலை வெச்சித் தூங்கிப் பாத்திருக்கேன்" என்றாள் தாட்சாயணி.

கோவர்த்தனனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னியிலருந்து காலைல ஒரு பக்கம் எழுதறேன். சாயந்திரம் பத்துப் பக்கம் படிக்கறேன். ஆடிக் கிருத்திகைக்குள்ள ஒரு கதைய முடிச்சிக் காட்றேன், பாரு."

"முடிக்கலேன்னா?"

"மேஜைய எடுத்துக்க."

"அப்பறம் எழுதறேன் எழுதறேன்னு பேச்சே எடுக்கக்கூடாது."

"எடுக்கமாட்டேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டானே தவிர, உள்ளூரப் பயம்தான். நூல் வரவு, புடவைப் பற்று என்று எழுதியே ஆயுசு தீர்ந்துவிடும்போலிருந்தது. முகம் தெரியாத ஒருத்தர், ஒரே ஒருத்தர், தான் எழுதினதை ஆசையாக எடுத்துப் படிக்கவேண்டும். அவனுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

ஜன்னலில் பச்சையப்பன் இன்னும் நகரவில்லை.

"குமாஸ்தய்யா, எனக்கும் ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. என் வூடு கல்லுக்கு இந்தாண்ட கீது. கெணறு அந்தாண்ட கீது. காலைல தண்ணி சேந்தறதுக்கு நான் இன்னொரு ராஜ்யத்துக்கா போவணும்?"

இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் தொலைவான், வசந்தகுமாரியைக் கவனிக்கலாம் என்று கோவர்த்தனன் கணக்குப் போட்டான். ஆனால் கதை எழுத உட்கார்ந்த கை சும்மா இருக்குமா? 'மனுதாரர் வீட்டுச் சோறு மதராஸ் தண்ணீரில் ஆந்திராவில் வேகிறது' என்று ஆரம்பித்தது. அதற்குமேல் எழுத விஷயம் இல்லாததால், பச்சையப்பன் சொன்ன இன்னொரு குறையையும் சேர்த்துக்கொண்டான். 'தவிரவும், செங்கம்மா என்பவளின் ஆடு தினமும் மனுதாரரின் கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் குடிக்கிறது. குடித்துவிட்டு மனுதாரரை ஏளனமாகப் பார்க்கிறது.' பத்திரம் எழுதுகிற வழக்கப்படி அடியில் 'எழுதினது: கோவர்த்தனன்' என்று போட்டுக் கொடுத்தான்.

பச்சையப்பன் அதை வாங்கிக்கொண்டு நேராகப் புத்தூருக்குப் போயிருந்தால் பரவாயில்லை. தெரு முழுக்கப் படித்துக் காட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை கோவர்த்தனன் பேனாவுக்கு மை ஊற்றி மூடியபோது செங்கம்மா வாசலில் நின்றாள். பக்கத்தில் ஆடும் நின்றது.

"ஏன் நைனா, என் ராசாத்தி ஏளனமா பாத்துச்சின்னு எழுதினது நீதானா?"

"அது... பச்சையப்பன் சொன்னாரு."

"அவன் சொன்னா நீ எழுதிடுவியா? நீயே பாரு. இதுவா ஏளனமா பாக்கற மூஞ்சி?"

கோவர்த்தனன் ஆட்டைப் பார்த்தான். ஆடும் அவனைப் பார்த்தது. பச்சையப்பன் சொன்னதில் உண்மை இருப்பதாகவே அவனுக்குப் பட்டது.

"வாயில்லாத ஜீவன். அதுக்காக எவன் பேசுவான்? அது பக்கமும் எழுது. எழுதற வரிக்கும் நான் இங்கயேதான் குந்திக்கினு இருப்பேன்."

எழுதினான். ராசாத்தி பிறந்த கதை, தாயை இழந்த கதை, கல்லுக்கு அந்தாண்டை மேய்ச்சலும் இந்தாண்டை பட்டியுமாக அது அல்லாடுகிற கதை, எல்லாம் வந்தது. செங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். வசந்தகுமாரி மட்டும் காரணம் தெரியாமல் அழுதுகொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் பச்சையப்பன் வந்தான். "ஆட்டுக்கு மனுவா? அப்போ எனக்கு பதில் மனு எழுதுங்க." அதற்கடுத்த நாள் செங்கம்மா.

"இதுக்கு ஒரு முடிவு கட்டறேன்" என்று கோவர்த்தனன் மறுநாள் கதவையும் ஜன்னலையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தான். வேறு வினை வேண்டாம். கொஞ்ச நேரத்தில் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. டீக்கடை ஏகாம்பரம். நகரி மதராஸோடுதான் சேரவேண்டும் என்பதற்காகக் கிருதாவைக்கூட எடுக்காமல் விரதம் இருக்கிறவர்.

"கதவ சாத்திக்கினு யாருக்கு எழுதற? ஆந்திராக்காரனுக்கா?"

"இல்லீங்க, கதை எழுதறேன்."

"கதைய எதுக்குக் கதவ சாத்திக்கினு எழுதணும்?"

நியாயமான கேள்விதான். அன்று மத்தியானம் சங்கத்துக்கு எதிர்க்கட்சிக்காரர்களும் வந்தார்கள். அவர்கள் மோர் வாங்கிக் கொடுத்து, மரியாதையாக, தெலுங்கில், அதே கேள்வியைக் கேட்டார்கள். கதவைச் சாத்தினால் ஊரே சந்தேகப்படும் என்று தெரிந்துபோயிற்று. கோவர்த்தனன் கதவைத் திறந்துபோட்டான். திறந்த கதவு வழியாக ஏகாம்பரம் தினமும் டீ தம்ளரோடு வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்று, அவன் எழுதுவதைப் பார்த்தார்.

"வசந்தகுமாரின்னு போட்டுக்கீதே, அது யாரு?"

"கதாநாயகி."

"எந்த ஊரு?"

"அதெல்லாம் யோசிக்கல."

"எதுக்கு அழுவுது? எல்லைத் தகராறுலயா?"

"இன்னும் முடிவு பண்ணல."

ஏகாம்பரம் பெருமூச்சு விட்டார். "எதைக் கேட்டாலும் இன்னும் முடிவு பண்ணலைன்னுதான் சொல்றாங்க."

எழுத்துத்தான் இப்படி ஆயிற்று, படிப்பாவது நடக்கட்டும் என்று ஒரு சாயந்திரம் கோவர்த்தனன் இரவல் வாங்கிய நாவலை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனான். புளியமரத்தடி, நல்ல காற்று, ஆள் அரவம் இல்லை. ஒரு பக்கம் படித்து முடிக்கிறதுக்குள் பின்னால் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"சர்க்கார் புக்கா? நம்ம தெருவப் பத்தி இன்னா போட்டுக்கீது?" என்றான் பச்சையப்பன்.

"நாவலய்யா இது. நீங்களே கேளுங்க." கோவர்த்தனன் நிரூபித்துவிடும் ஆத்திரத்தில் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். அது காதலனும் காதலியும் சந்திக்கிற கட்டம். எல்லாரும் குந்திக்கொண்டு கேட்டார்கள். காதலன் அவள் கையைப் பிடிக்கிற இடத்தில் கோவர்த்தனன் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, "இப்பவாவது தெரிஞ்சிதா, இது வெறும் கதைன்னு?" என்று கேட்டான்.

"தெரிஞ்சிது" என்றாள் செங்கம்மா. "அந்தப் பொண்ணு கட்டிக்கினு எந்தப் பக்கம் போவும்?"

பதில் சொல்லலாம் என்று கோவர்த்தனன் புத்தகத்தைத் திரும்ப எடுத்தால், கல்யாணக் கட்டம் இருந்த பக்கங்கள் ராசாத்தியின் வாயில் இருந்தன.

அவனுக்கு வந்த கோபத்தை மறுநாள் பச்சையப்பனின் மனுவில் கொட்டித் தீர்த்தான். அந்த ஆட்டின் குணம், அதன் தாடி, அது மெல்லுகிற விதம் எதையும் விட்டுவைக்கவில்லை. கொட்டி முடித்தபோதுதான் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. சம்பந்தா சம்பந்தமில்லாமல் வளவளவென்று எழுதிக் கொடுத்தால், இவன் மனு எழுத லாயக்கில்லாதவன் என்று விட்டுவிடுவார்கள் அல்லவா? அப்போது நிம்மதியாக வசந்தகுமாரியிடம் போகலாம்.

அன்றிலிருந்து சர்வே நம்பர், சதுரகஜம் எதையும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தான். பச்சையப்பன் கிணற்றடியில் ஒளிந்திருந்து ஆட்டுக்காகக் காத்ததை எழுதினான். செங்கம்மா அவனுக்குச் சாபம் கொடுத்துவிட்டு, அவன் பெண்சாதிக்குக் காய்ச்சல் என்று கேட்டதும் ஆட்டுப் பால் கறந்து அனுப்பியதை எழுதினான். பச்சையப்பன் அந்தப் பாலை அவளுக்குக் கொடுக்கவா, வேண்டாமா என்று தம்ளரை வைத்துக்கொண்டு திண்டாடியதையே ஒரு பக்கத்துக்கு எழுதினான்.

"இன்னமா எழுதிக்கீறாரு" என்று பச்சையப்பனே நெகிழ்ந்துபோனான். "எனக்கே என் மேல பரிதாபமா கீது."

ஒருத்தரும் விட்டுவிட்டுப் போகவில்லை. ஆனால் புத்தூரிலிருந்து வந்த சேதிகள்தான் கோவர்த்தனனைப் பயமுறுத்தின.

"உங்க மனுவ நீட்டினதும் அந்த டவாலி சேவகன் நின்ன எடத்துலயே பிரிச்சிட்டான். அப்பறம் அத எடுத்துக்கினு உள்ள ஓடினான். கதவ சாத்திக்கினாங்க. உள்ள யாரோ மேஜைய ஓங்கி ஓங்கித் தட்ற சத்தம் கேட்டுச்சி" என்றான் பச்சையப்பன்.

"கோபமா?"

"கோபம் இல்லாம மேஜைய எவன் தட்டுவான்?"

செங்கம்மா போய்வந்து சொன்னது இன்னும் மோசம். "இனிமே பகல் சாப்பாட்டுக்கு முன்னாடியே கொண்டாந்து குடுத்துடணுமாம். கீழ எழுதினவன் பேரு இருக்குதான்னு பாத்துத்தான் வாங்கறாங்க. உன் பேரப் பாத்ததும் நாலு பேரு எழுந்து நின்னுட்டாங்க, நைனா."

"ஆபீசருக்குத் தமிழ் வராதாம். ஒரு குமாஸ்தா வரிக்கு வரி தெலுங்குல சொல்றாராம். ஆபீசர் எல்லாத்தையும் குறிச்சிக்கினு கீறாராம்" என்று ஏகாம்பரம் தன் பங்குக்குச் சொன்னார். கோவர்த்தனனுக்கு வேலைக் கவலை பிடித்துக்கொண்டது. சர்க்கார் விசாரணையைக் கேலி செய்ததாகக் கேஸ் போட்டால் சங்க வேலை போய்விடும். வசந்தகுமாரியின் கண்ணீருக்குக் காரணம் கிடைக்கிறதோ இல்லையோ, தாட்சாயணியின் கண்ணீருக்குக் கிடைத்துவிடும்.

கடைசி மனு செங்கம்மாவுக்கு எழுதினது. முந்தின நாள் ராசாத்தி கல்லண்டை நின்றபோது, பச்சையப்பன் கயிற்றை அந்தாண்டை இழுக்க, செங்கம்மா இந்தாண்டை இழுக்க, தெருவே கூடிவிட்டது. அதை எழுத ஆரம்பித்த கோவர்த்தனன் பயத்தை மறந்துபோனான். ஏகாம்பரம் டீயைக் குடிக்க மறந்து நின்றார். 'இரண்டு பக்கமும் கயிறு விறைத்தது. ராசாத்தி கல்லின்மேல் முன்னங்காலை வைத்தது. பச்சையப்பனைப் பார்த்தது. செங்கம்மாவைப் பார்த்தது. பிறகு' என்று எழுதியபோது தெருமுனையில் புத்தூர் பஸ் ஹாரன் அடித்தது.

"சாப்பாட்டுக்கு முன்னாடி போயிடணும்" என்று செங்கம்மா காகிதத்தை உருவிக்கொண்டு ஓடினாள்.

"இன்னும் முடியலம்மா" என்று கோவர்த்தனன் வாசல்வரைக்கும் துரத்திக்கொண்டு போனான். "என் பேருகூடப் போடல."

"போற வழியில நானே ஆரயாவது விட்டு போட்டுக்கறேன்" என்ற குரல் பஸ்ஸுக்குள்ளிருந்து வந்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடிகள் திருத்தணிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன, தெருவெல்லாம் அரோகரா சத்தம். தாட்சாயணி பாயசக் கிண்ணத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"கதை?"

கோவர்த்தனன் காகிதத்தை நீட்டினான். அவள் படித்தாள். படித்து முடிக்க நேரம் ஆகவில்லை.

"அன்று மாலை வசந்தகுமாரி கண்ணீர் வடித்தாள். அப்பறம்?"

"அவ்ளோதான்."

தாட்சாயணிக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. "இன்னும் ஒரு மாசம் வேணா எடுத்துக்குங்க. இடுப்பு எங்க போயிடப் போவுது."

"வேணாம், தாட்சாயணி. எனக்கு எழுத்து வரல. ஒரு மாசம் தினம் குந்திப் பாத்துட்டேன். எழுதறவனா இருந்தா இந்நேரம் எழுதி இருக்கமாட்டேனா?" எழுந்து, தையல் மிஷினைத் தானே தூக்கி மேஜைமேல் வைத்தான். பேனாவைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தான். தாட்சாயணிக்கு அந்த மேஜை வேண்டாம்போல ஆகிவிட்டது. இருந்தாலும் வாக்கு வாக்குதான் என்று அவன் நாற்காலியையும் இழுத்துப் போட்டான்.

மறுநாள் அவள் மேஜைமேல் முதல் ஜாக்கெட்டைத் தைத்துக்கொண்டிருந்தபோது, தெருவில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது.

ஜீப்பிலிருந்து டவாலி போட்ட சேவகன் ஒருவன் இறங்கினான். பின்னால் தெருவே வந்தது. பச்சையப்பன் கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டான். செங்கம்மா ராசாத்தியை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள். ஏகாம்பரம், தனக்கு இந்தத் தெருவே தெரியாது என்கிற மாதிரி வானத்தைப் பார்த்தார்.

"கோவர்த்தனன் காரி இல்லு இதேனா?" என்று தெலுங்கில் வீட்டை விசாரித்த சேவகன், உடனே தமிழுக்கு மாறினான். "புத்தூர் எல்லை ஆபீஸ்லருந்து வரேன். மனு எழுதற கோவர்த்தனன் யாரு?"

கோவர்த்தனன் பதில் சொல்வதற்குள் தாட்சாயணி கையில் கத்தரிக்கோலோடு அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, இவரு எதுவும் எழுதலீங்க. இவருக்கு எழுதவே வராது. ஊரக் கேளுங்க. ஒரு மாசமா குந்தி ஒரே ஒரு வரிதான் எழுதினாரு, அதுவும் முடியல. இந்த மேஜைய பாருங்க, எழுதறவன் மேஜை மாதிரியா கீது? மிஷின்தான் கீது."

அவனைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை கோவர்த்தனனுக்கு ஜெயிலைவிட வலித்தது. வேலை போகட்டும், விலங்கு மாட்டட்டும், ஊர் நடுவில் எழுத வராதவன் என்று பேர் வாங்க அவனுக்கு மனசு இல்லை. மனைவியை மெதுவாக ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தான்.

"நான்தான் எழுதினேன். பச்சையப்பன் மனு, செங்கம்மா மனு, எல்லா மனுவும். ஒவ்வொரு வரியும் நான் எழுதினதுதான். கேஸ் போடறதுன்னா என் மேல போடுங்க."

சேவகன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு காலில் இருந்த செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டான்.

"கேஸும் இல்ல, கீஸும் இல்ல நைனா, நாளைக்கு ஆபீஸைக் காலி பண்ணிக்கினு போறோம், ஆபீசர் காரு நேத்துலருந்து சோத்துல கை வெக்காம குந்திக்கினு கீறாரு, அந்த ஆடு எந்தப் பக்கம் போச்சின்னு மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."